பாதி பீம் இன்று, மீதி நாளை: சரியா?

கேள்வி: ஐயா, எங்கள் மாடி ஹாலுக்கு 9 அங்குல அகலம், 18 அங்குல ஆழத்தில் 14 அடி பீம். 10 அங்குலம் நிரம்பியதும் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை சிமெண்ட் பால் ஊற்றி மீதியையும் ஸ்லாபையும் போட்டார்கள். "கீழே இழுவையைக் கம்பிதான் தாங்குது, அடுத்த பீமுக்கு அடிப்பாதியில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை போட்டா சிமெண்ட் மிச்சம்" என்கிறார் மேஸ்திரி. இரண்டும் சரியா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை. கணக்குப் போடும்போது இழுவைப் பக்கத்து, அதாவது பீம் வளையும்போது நீளப் பார்க்கும் பக்கத்து, காங்கிரீட்டை இன்ஜினியர்களான நாங்களும் சேர்ப்பதில்லை. கீழே தரம் குறைந்த அடுக்கு, மேலே நல்ல அடுக்கு என்று ஈரத்தோடு ஈரமாகப் போட்டு ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். வளைவைத் தாங்கும் சக்தி பெரிதாகக் குறைவதில்லை.

ஆனால் அந்த அடிக் காங்கிரீட்தான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. அதோடு, உங்கள் பீம் பில்லரைத் தாண்டி அடுத்த அறைக்கும் ஓடினால், பில்லர் மேல் இழுவை மேல்பக்கம், அழுத்தம் அடிப்பக்கம். நீங்கள் தரம் குறைத்துப் போட்ட இடத்தில்தான் அங்கே நல்ல காங்கிரீட் வேண்டும்! பால்கனியைத் தாங்கும் பீமிலும் இதே கதைதான். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம்20 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது என்கிறது. 1:2:4 என்பது எம்15. மிச்சம் எவ்வளவு என்றும் பாருங்கள். கன மீட்டருக்கு எம்20-க்கான 1:1½:3 கலவைக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட், 1:2:4-க்கு ஆறேகால். உங்கள் பீமின் அடிப்பாதியில் அரை மூட்டைகூட மிஞ்சாது. வேண்டவே வேண்டாம்.

எனக்குக் கவலை மழை பெய்த பீம்தான்.

ஒரே அளவுள்ள இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் ஏறி நின்றால், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தனித்தனியாக வளையும். ஒட்டிய பலகையைவிட நான்கு மடங்கு தொய்யும், தாங்குவதும் பாதிதான். இரண்டு நாளில் இரண்டு அடுக்காகப் போட்ட பீமில் அந்த வழுக்கலைத் தடுப்பவை இரண்டு: சொரசொரப்பான இணைப்பு, அதைக் குறுக்கே கடந்து நிற்கும் ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்). வழுக்கும் விசை பில்லர் ஓரத்தில்தான் அதிகம், நடுவில் ஏறக்குறைய இல்லை. ரிங்குகளை பில்லர் பக்கம் நெருக்கிக் கட்டச் சொல்வது இதற்கும் உதவுகிறது.

மழைத் தண்ணீர் நின்ற காங்கிரீட்டின் மேல் வெளிறிய மெல்லிய ஏடு படியும். எம்-சாண்டில் மாவு அதிகமிருந்தால் ஏடு இன்னும் தடிக்கும். நகத்தால் கீறினாலே வரும். அதன்மேல் எவ்வளவு சிமெண்ட் பால் ஊற்றினாலும் ஒட்டுவது அந்த ஏட்டோடுதான், காங்கிரீட்டோடு அல்ல. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ கொத்தியோ ஜல்லி முகம் தெரியும்வரை ஏட்டை எடுத்து, கழுவி, தேங்கிய தண்ணீரை வழித்துவிட்டுப் போட்டிருந்தால் பயமில்லை. இதை மேஸ்திரியிடம் நேராகக் கேளுங்கள்.

இப்போது பக்கப் பலகையை எடுத்து, இரு பில்லர் ஓரத்திலும் மூன்று நான்கு அடிக்கு அந்த 10 அங்குல உயரத்தைப் பாருங்கள். கோடு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. கோட்டோரம் ஜல்லி பொத்தலாக நின்றாலோ, தட்டினால் பொள்ளென்று கேட்டாலோ ஒலி அலையைச் செலுத்தி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை செய்யுங்கள். காங்கிரீட்டில் அடித்து எகிறலை அளக்கும் ரீபவுண்ட் சுத்தி மேல்தோலைத்தான் சொல்லும், அது போதாது. கம்பி கட்டியபோது எடுத்த போட்டோ இருந்தால், ரிங் இடைவெளியோடு டிராயிங் போட்ட இன்ஜினியரிடம் காட்டுங்கள். அந்த ரிங் போதுமா என்று கணக்குப் பார்த்துவிடுவார். இந்த நீளத்துக்கு முட்டு 14 நாளில் எடுக்கலாம் என்பது பொது விதி. உங்கள் பீமுக்கு அவர் சரி சொல்லும்வரை முட்டையும் எடுக்காதீர்கள், பூச்சும் பூசாதீர்கள்.