சுவரைப் பார்க்கிற பெண்ணுக்கு லண்டன் எதற்கு?

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா யோசனை கேட்டு வந்திருந்தார். மகள் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, கோயில் சிற்பங்களில் பிஎச்.டி. செய்வேன் என்று நிற்கிறாளாம். "கோயிலுக்குப் போனா சாமியைப் பார்க்காம சுவரைப் பார்த்து எதையோ நோட்டில் எழுதுறா சார்." பெரியப்பாவோ, படிப்பதென்றால் லண்டனில் படிக்கட்டும், அப்போதுதான் நாலு பேர் மதிப்பார்கள், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறாராம்.

பத்திரம் என்றதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். வேண்டாம் அம்மா. சோழர் சிற்பம் படிக்கிறவள் மணிக்கணக்கில் நிற்க வேண்டிய நாகேஸ்வரன் கோயில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, தாராசுரம் கோயிலும் பக்கத்தில்தான். பிஎச்.டி.க்குக் கைக்காசு போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தொல்லியல் தனிப் பாடமாகவே உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வயது வரம்பு 30தான், ஆனால் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது.

பி.எட்., பேங்க் தேர்வெல்லாம் உறவுக்காரர்களே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாதது கல்வெட்டு. கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் காகிதம் இறங்கும்வரை தட்டி, மேலே மை ஒற்றி எடுத்தால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து நிற்கும். அதுதான் மைப்படி. படிப்பது இன்னும் கஷ்டம். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நடுநடுவே வடமொழிச் சொல்லுக்குக் கிரந்த எழுத்து வரும். ஆனால் பழகிய கண்ணுக்கு, 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசன் புகழ் பாடும் முன்னுரை) தொடங்கினாலே ராஜராஜன் காலம் என்று தெரிந்துவிடும். சிற்பத்தை அதன் பாணியை வைத்து 10ஆம் நூற்றாண்டு, 11ஆம் நூற்றாண்டு என்று வாதாடுகிறவர்களுக்கு நடுவில், பக்கத்துச் சுவரில் எந்த அரசனுக்கு எத்தனையாவது 'யாண்டு' (ஆட்சி ஆண்டு) என்று தானே படித்துச் சொல்கிறவளுக்கு மதிப்பே வேறு. (திருப்பணியில் கல்லை இடம் மாற்றி வைத்திருப்பார்கள், அதையும் பார்க்கத் தெரிய வேண்டும்.) எடுத்துவைத்த மைப்படிகளில் இன்னும் அச்சேறாதவை ஏராளம். மாநிலத் தொல்லியல் துறையின் 2 ஆண்டு முதுநிலைப் பட்டயத்தில் இதைக் கற்றுத்தருகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. பிஎச்.டி.க்கு முன்னால் அதை முடிக்கட்டும்.

வேலை உடனே கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். ஆனால் யாரும் சொல்லாமலே சுவர் எழுத்தை நோட்டில் பார்த்து எழுதுகிற பெண்ணை, பிடிக்காத வேலையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் வருத்தப்படப் போவது நீங்கள்தான், பெரியப்பா இல்லை.

நெட் வருடத்துக்கு 2 தடவை வருகிறது, எழுதட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.