வரைபடக் கால்குலேட்டரில் லினக்ஸ் இயங்குமா?

பள்ளிக் கணினிகளில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பழகிய கொழிஞ்சாம்பாறை மாணவர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் வரைபடக் கால்குலேட்டரிலும் லினக்ஸை இயக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும், ஆனால் பள்ளியில் பார்க்கும் அந்த முகப்பை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாக் கால்குலேட்டர்களுக்கும் இது பொருந்தாது. அதே நிறுவனத்தின் டிஐ-84 பிளஸில் உள்ள இசட்80 எட்டு பிட் செயலி ஒரே நேரத்தில் 64 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே அணுகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அங்கே இடமே இல்லை. என்ஸ்பயர் சிஎக்ஸிலோ ஏஆர்எம்9 வகைச் செயலியும், 64 மெகாபைட் ரேமும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நிரலுக்கும் தனி நினைவகப் பரப்பை ஒதுக்கித் தரும் நினைவக மேலாண்மைப் பகுதியும் இருப்பதால், வழக்கமான லினக்ஸே அதில் இயங்குகிறது.

முதலில், தடைசெய்யப்பட்ட நிரல்களை இயக்க வழிசெய்யும் என்ட்லெஸ் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். பிறகு ஏற்றி நிரல் ஒன்று, கெர்னலையும் வன்பொருள் விவரக் கோப்பையும் தொடக்கக் கோப்பு முறைமையையும் ரேமில் வைத்துக் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் ஒப்படைக்கும். 320க்கு 240 புள்ளித் திரையில் கெர்னலின் தொடக்க வரிகள் ஓடி முடிந்து கட்டளைக் குறி வந்து நிற்பதைப் பார்ப்பது, இயங்குதளம் கற்கும் எவருக்கும் பெரும் பாடம் என்றே நான் கருதுகிறேன். ரீசெட் செய்தால் பழைய கால்குலேட்டர் திரும்பிவிடும்.

என்ட்லெஸ், கால்குலேட்டர் மென்பொருளின் எல்லாப் பதிப்புகளிலும் வேலை செய்யாது. ஆகவே கால்குலேட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், உங்கள் பதிப்பைக் கட்டாயம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.