வண்டிப்பாதையில் வேலி: வீட்டு வரி ரசீது பட்டா ஆகுமா?

கேள்வி: வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். டிராக்டர் நுழைய முடியவில்லை. கேட்டால் வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பி மெமோ எல்லாம் காட்டி, "பதினைந்து வருஷமாக என் அனுபவத்தில் இருக்கிறது" என்கிறார். இடத்தை மீட்க முடியுமா? இல்லையென்றால் மீதி இடத்தில் நான் மாட்டுக்கொட்டகை போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். அவர்மேல் நீங்கள் கொடுக்கும் மனுவுக்கு வருகிற சர்வேயர் உங்கள் கொட்டகையையும் சேர்த்துத்தான் அளப்பார்.

புறம்போக்கு என்றால் கேட்க ஆளில்லாத இடம் என்ற நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. தனியாருக்குச் சொந்தமில்லாத சாலை, தெரு, பாதை, ஓடை, ஏரி எல்லாம் அரசின் சொத்து என்கிறது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 2ஆம் பிரிவு. அதில் மக்கள் போய்வரும் உரிமைக்கு உட்பட்டுத்தான் அரசுக்கே அந்த உரிமை.

வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அவர் அங்கே இருக்கிறார் என்பதைத்தான் காட்டும். இடம் அவருடையது என்று காட்டாது. பி மெமோதான் வேடிக்கை. ஆக்கிரமிப்பாளர் என்று எழுதி அபராதம் போட்டுக் கொடுத்த தாள் அது. அதைக் கட்டியவர், நிலம் அரசுடையது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. எதிரிடை அனுபவம், அதாவது பிறர் நிலத்தை நெடுநாள் வைத்திருந்ததாலேயே அது தனக்கு உரிமை என்று பேசவும் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு வேண்டும். பஞ்சாபில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய வழக்கில், நெடுநாள் இருந்ததும் பெரும் பணம் செலவழித்ததும் அதை வரன்முறைப்படுத்தக் காரணமாகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, என்ன செய்வது? முதலில் 'அ' பதிவேட்டு (கிராமத்தின் நிலங்களை வகைப்படுத்தி எழுதிய பதிவேடு) நகலும் புல வரைபடமும் (அந்த நிலத்தின் அளவை வரைபடம்) எடுங்கள். அந்தப் புல எண் 'வண்டிப்பாதை' என்று இருக்கிறதா பாருங்கள். 'கிராம நத்தம்' (ஊரில் குடியிருப்புக்கான இடம்) என்றிருந்தால் கதையே வேறு. அப்போது ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பாதைதான் என்றால், அளந்து அகற்றக் கோரி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். அதே 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகே 6ஆம் பிரிவில் அகற்ற முடியும். அவருக்கு மேல்முறையீடும் உண்டு, அதனால் கொஞ்சம் இழுக்கும்.

அதற்குள் ஆத்திரப்பட்டு நீங்களே வேலியைப் பிடுங்கிவிடாதீர்கள். போலீஸில் உங்கள் மேல்தான் புகார் நிற்கும். மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தாலுகா அலுவலகம் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளைச் செயல்படச் சொல்லி உத்தரவு கேட்கும் மனு) போடும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.