கபிலரின் குருகும் வாய்மொழித் தேர்வும்

கேள்வி: எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. குறுந்தொகையில் ஒரு பாட்டைக் கொடுத்து நயம் சொல்லச் சொல்வார்களாம். உரையை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் வகுப்பில் ஒத்திகை பார்த்தபோது கபிலரின் 25ஆம் பாட்டுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாயில் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மனப்பாடம்தான் உங்களை மடக்கியிருக்கிறது. உ.வே.சா. 1937இல் உரையோடு வெளியிட்ட பதிப்பை எதிரில் இருப்பவர்களும் படித்தவர்கள்தான். அதையே ஒப்பித்தால் அவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது? உரையை மூடிவைத்துவிட்டு, பாட்டை மட்டும் நான்கைந்து முறை வாய்விட்டுப் படியுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

முதலில் யார், யாரிடம், எப்போது பேசுவது என்பதைச் சொல்லிவிடுங்கள். திருமணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான் தலைவன். தலைவி தோழியிடம் சொல்கிறாள். ஒரு வாக்கியம் போதும். ‘சங்க இலக்கியம் தமிழரின் பொற்காலம்’ என்று ஆரம்பித்தால் தேர்வாளர் கை டீ கிளாஸுக்குப் போய்விடும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான்.

அப்புறம் பாட்டுக்குள் வாருங்கள். முதல் அடி ‘யாரும் இல்லை’ என்கிறது, கடைசி அடி ‘குருகும் உண்டு’ என்கிறது. இல்லை என்றவள் எதற்காக உண்டு என்கிறாள்? பாட்டின் உயிரே அங்கேதான். அவர்கள் ரகசியமாகக் கூடிய நாளில் குருகு என்ற நீர்ப்பறவை இருந்தது, ஆனால் அது ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீன்மேல். நாளைக்கு அவன் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்றால் யாரைக் கூப்பிடுவாள்?

இன்னொன்றும் கவனியுங்கள். ‘தானே’, ‘தானது’, ‘தான் மணந்த’ என்று மூன்று இடத்தில் அவனைத் ‘தான்’ என்றே சொல்கிறாள். நாடன், வெற்பன் என்றெல்லாம் சிறப்பித்துச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வைத்த ஒரே பெயர் ‘கள்வன்’. அதில் கோபம் எவ்வளவு, கொஞ்சல் எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டும் இருக்கிறது என்பேன் நான். கோபம் மட்டும்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே சொல்லுங்கள், ஆனால் ‘பொய்ப்பின்’ என்ற சொல்லைக் காட்டிச் சொல்லுங்கள். சொல்லைக் காட்டாமல் ‘மிக அழகான பாடல்’ என்று பத்து முறை சொன்னாலும் மதிப்பெண் விழாது.

மடக்கும் கேள்வி ஒன்று கட்டாயம் வரும்: ‘குருகும் ஆரலும் நீர்நிலைக்கு உரியவை, பாட்டு எப்படி மலைநிலத் திணையான குறிஞ்சி ஆனது?’ பதறாதீர்கள். திணையை முடிவுசெய்வது உரிப்பொருள், அதாவது பாட்டு பேசும் காதல் நிலை. இது களவில், அதாவது திருமணத்துக்கு முந்தைய ரகசியக் காதலில், நடந்த கூடலைப் பற்றிய பேச்சு. ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’ என்று, அதாவது மற்றவை கலந்து வரலாம் என்று, தொல்காப்பியர் அகத்திணையியலில் வழிவிட்டிருக்கிறார். அதோடு, பறவையின் காலுக்கு அவள் தேடிப்பிடித்த உவமை தினைத்தாள். தினைப்புனத்தில் வளர்ந்தவளுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்? இதைச் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் பயிற்சி எடுக்க, சங்க இலக்கியமே தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். அம்மாவோ தம்பியோ போதும். அவர்கள் ‘சரி, அப்புறம் அந்தப் பையன் கல்யாணம் பண்ணினானா?’ என்று கேட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். ஃபோனில் பதிவுசெய்தும் கேளுங்கள். ‘வந்து… வந்து…’ என்று எத்தனை முறை இழுக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: யாப்பும் கேட்பார்களா? சீர்களை அசை பிரித்துப் பார்க்கும் அலகிடுதல் என்றாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்கலாம். மேலே உள்ள பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் அடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடியான ஈற்றயலடி: ஒழுகுநீர் / ஆரல் / பார்க்கும். மூன்றே சீர், மற்ற அடிகளில் நான்கு. ஆகவே நேரிசை ஆசிரியப்பா. சீர் வாய்பாட்டில் ஒழுகுநீர் கருவிளம், மற்ற இரண்டும் தேமா. இவ்வளவு சொன்னால் போதும், முழுப்பாட்டையும் அலகிடச் சொல்ல மாட்டார்கள். நேரம் இருந்தால், அடி குறுகும் இடத்தில்தான் குருகு அசையாமல் நின்று மீனைப் பார்க்கிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கபிலர் அப்படி நினைத்துத்தான் எழுதினார் என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: படிக்காத பாட்டைக் கொடுத்துவிட்டால்?
– வாசகி, கரூர்

பதில்: தலைவனை என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நாடன், வெற்பன், சிலம்பன் என்றால் பெரும்பாலும் குறிஞ்சி. சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்றால் நெய்தல். ‘தோழி’, ‘அன்னாய்’, ‘பாக’ (தேர்ப்பாகனே) போன்ற விளி இருந்தால் கேட்பவர் யார் என்பதும் கிடைத்துவிடும். ‘ஊரன்’ கண்ணில் பட்டால் மருதம், பரத்தையைத் தேடுங்கள், அவள் பக்கத்தில் எங்காவதுதான் இருப்பாள்.