பயோடேட்டாவைத் துணியில் அடிக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம் எங்களுடையது. வேலூரில் டெக்ஸ்டைல் கடைசி வருடம் படிக்கிறேன். பயோடேட்டாவைத் துணியில் செய்து திருப்பூர், சென்னை கம்பெனிகளுக்கு அனுப்ப ஆசை. அப்பா நெய்த லுங்கித் துணியை ஏ4 அளவில் வெட்டி, அட்டையில் ஒட்டி பிரிண்டரில் விட்டேன். முதல் முறை சிக்கிக்கொண்டது. அடுத்த முறை வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் ஊறிப்போய்ப் படிக்க முடியவில்லை. டி-ஷர்ட் பிரிண்ட் கடையில் சப்ளிமேஷன் செய்யலாம் என்கிறார்கள். அம்மா எம்ப்ராய்டரி போடச் சொல்கிறார். எது சரி? எத்தனை பிரதி வேண்டும்? உண்மையில் இது வேலைக்கு ஆகுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருவோம். ஆகும், ஆனால் எல்லா இடத்திலும் ஆகாது. டிசைன் ஸ்டுடியோ, கைத்தறிச் சேலை விற்கும் பிராண்டு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) அல்லது சாம்பிளிங் (மாதிரி தயாரிக்கும்) வேலை, இவற்றுக்குத் துணி பேசும். அங்கே இருப்பவர்கள் காலையிலிருந்து மாலை வரை துணியைத் தொட்டுப் பார்ப்பவர்கள். டெஸ்டிங் லேபிலோ குவாலிட்டி பிரிவிலோ விண்ணப்பிப்பதென்றால் பூவேலை, வண்ணம் எதுவும் வேண்டாம். நீங்களே சோதித்த நான்கு துண்டுத் துணியும் அவற்றின் முடிவுகளும் போதும். அரசு வேலைக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் வெறும் பிடிஎஃப்தான். துணியைப் போட்டோ எடுத்து அதையே பயோடேட்டாவாக ஏற்றாதீர்கள். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளுக்குப் படத்தில் உள்ள எழுத்து பெரும்பாலும் தெரியாது.

ஆகவே முழு விவரம் ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும். துணியில் உங்கள் பெயர், படிப்பு, எந்த வேலை தேடுகிறீர்கள், போன், மெயில், மூன்று திறமைகள். அதற்கு மேல் எழுத்து வேண்டாம். மிச்ச இடம் துணிக்கு. தாளில் இருப்பதையெல்லாம் துணியில் அடித்துவிடப் பார்ப்பதுதான் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. 'டையிங் தெரியும்' என்று அடித்த வரியை யாரும் நம்ப வேண்டியதில்லை. நீங்கள் சாயமிட்ட துண்டைக் கையில் கொடுத்தால் அங்கே பேச்சே மாறிவிடும்.

இனி உங்கள் துணி ஏன் சிக்கியது, மை ஏன் ஊறியது என்று பார்ப்போம்.

லுங்கித் துணி தறியிலிருந்து வரும்போது பாவு நூலில் (நீளவாக்கு நூல்) கஞ்சி இருக்கும். ஊடையில் (குறுக்கு நூல்) இருக்காது. மை ஒரு திசையில் நிற்கும், இன்னொரு திசையில் ஓடும். போதாததற்குக் கட்டம் போட்ட துணியில் கறுப்பு எழுத்து எப்படியும் எடுபடாது. எழுத்துக்கு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு, லுங்கியைச் சுற்றிக் கரையாகத் தைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக நடுவில் வெள்ளை விட்டு ஒரு பாவு ஓட்டச் சொல்லி அப்பாவைக் கேட்காதீர்கள். ஒரு பாவில் எத்தனை லுங்கி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வெள்ளைக்கு 100 முதல் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரையுள்ள பாப்ளின் நல்லது. மல் துணி மெல்லியது, எழுத்து பின்பக்கம் தெரியும். காடாத் துணி மலிவுதான், ஆனால் கொதிக்க வைத்து எடுக்காமல் மை ஏறாது. எந்தத் துணியாக இருந்தாலும் வாங்கியதும் 35 × 45 செ.மீ. துண்டாக வெட்டுங்கள். லிட்டருக்கு 3 கிராம் சலவை சோடா, 1 கிராம் சலவைத்தூள் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டு அலசுங்கள். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஐந்து நொடிக்குள் உறிஞ்ச வேண்டும். முத்துப்போல் நின்றால் இன்னும் கஞ்சியோ மெழுகோ இருக்கிறது, மறுபடி கொதிக்க வையுங்கள். இதிலேயே சுருங்க வேண்டிய துணி சுருங்கியும் விடும். லுங்கித் துண்டை மட்டும் கொதிக்க விடாதீர்கள், சாயம் இறங்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து அலசி, வெள்ளையில் கறை ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அருகருகே தைக்க வேண்டும்.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். சோப்போடு சேர்ந்து திப்பியாகி, காய்ந்தபின் வெள்ளைத் துணியில் சாம்பல் திட்டாகத் தெரியும். கடைசி இரண்டு அலசலைக் கேன் தண்ணீரில் செய்தாலே போதும். காலேஜ் லேபில் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் (கடினநீரை மென்மையாக்கும் உப்பு) கிடைத்தால் லிட்டருக்கு 1 கிராம் போடலாம்.

பிரிண்டருக்கு வருவோம். அட்டை வேண்டாம், வளையாது. ஏ4 ஸ்டிக்கர் ஷீட் வாங்குங்கள், குறுக்கே வெட்டு இல்லாத முழு ஷீட். துணியை நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டு, பாவு நூல் தாளின் நீளத்தோடு போகும்படி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டுங்கள். பாவுத் திசையில் துணி குறைவாகத்தான் இழுபடும். ஊடைத் திசையில் விட்டால் ரோலர் இழுக்கும்போது வரிகள் கோணும். பிளேடால் தாளின் விளிம்போடு விளிம்பாக வெட்டுங்கள். ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது ரோலரில் சுற்றும். உங்களுக்குச் சிக்கியதற்குப் பெரும்பாலும் அதுவோ அட்டையோதான் காரணம். உள்ளே போகும் முனையில் 1 செ.மீ. அகலத்துக்கு டேப் மடித்து ஒட்டுங்கள். பின்பக்கம் தாள் வைக்கும் பிரிண்டரைத் தேடுங்கள். கீழே டிரேயில் வைக்கும் வகையில் தாள் உள்ளே முழுதாகத் திரும்பி வரும், துணி அந்த வளைவில் பிரிந்துவிடும். ஒருமுறைக்கு ஒரே ஷீட்.

லேசர் பிரிண்டரில் மட்டும் விடவே கூடாது. உள்ளே இருக்கும் சூடான உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஸ்டிக்கர் பசை உருகி அதில் அப்பிக்கொண்டால் கடைக்காரர் உங்களை லேசில் விடமாட்டார்.

மையிலும் இரண்டு ஜாதி உண்டு. டை மை தண்ணீரில் கரையும். வியர்த்த கை பட்டாலே பரவும். பிக்மென்ட் மை துணியின் மேல் அமர்ந்துகொள்ளும். மை தொட்டி வைத்த பல பிரிண்டர்களில் கறுப்பு பிக்மென்ட், மற்ற வண்ணங்கள் டை. ஆகவே எழுத்தைச் சுத்தக் கறுப்பில் மட்டும் வையுங்கள். செட்டிங்கில் சாதாரணத் தாள் என்றே போடுங்கள். போட்டோ தாள் என்று போட்டால் சில பிரிண்டர்கள் மற்ற மூன்று வண்ணத்தைக் கலந்து கறுப்பை உண்டாக்கும், அது டை. ஒரு நாள் காய விட்டு, ஸ்டிக்கரை உரித்து, பட்டர் பேப்பர் மேலே வைத்து உலர் இஸ்திரியில் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். ஈரப் பஞ்சால் ஓர் எழுத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பத்துப் பிரதிக்கு மேல் வேண்டுமென்றால் பிரிண்டரை மறந்துவிட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் போங்கள். கல்யாணத் தாம்பூலப் பை அடிப்பவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் துணி பழக்கம். பத்திரிகை மட்டும் அடிக்கும் கடையில் தாளுக்கான மையைப் போட்டுவிடுவார்கள், அது துணியில் விறைத்து உதிரும். பைண்டர் (வண்ணத்தைத் துணியோடு பிடிக்க வைக்கும் பசை) கலந்த பிக்மென்ட் பேஸ்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பைக்குப் பயன்படும் பெரிய கண் ஸ்கிரீன் சின்ன எழுத்துக்கு உதவாது, நெருக்கமான கண்ணுள்ளதைப் போடச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து 10 பாயின்ட் அளவுக்குக் குறையக் கூடாது. தமிழ் 12. குறைந்தால் ணை, ழு போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளியும் காணாமல் போகும். அடித்ததை 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் சூடேற்றினால்தான் பைண்டர் பிடிக்கும். பை அடிக்கிற இடத்தில் வெயிலில் காயப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இஸ்திரியால் நீங்களே செய்துவிடுங்கள்.

சப்ளிமேஷன் பாலியஸ்டரில்தான் பிடிக்கும். அந்தச் சாயம் 190, 200 டிகிரியில் ஆவியாகிப் பாலியஸ்டருக்குள் போகிறது. பருத்தியில் போட்டால் முதல் அலசலில் வெளுத்துவிடும். இது உங்கள் பாடத்திலேயே இருக்கும். பருத்தி என்று எழுதிய துண்டை எடுத்து நெருடிப் பார்ப்பவருக்கு அது பாலியஸ்டர் என்று தெரியாதா? டிடிஎஃப் (பிலிமில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும்) ஸ்டிக்கர் எந்தத் துணியிலும் ஒட்டும், ஆனால் தொட்டால் பிளாஸ்டிக். துணிக்காரருக்கு அதைக் கொடுப்பது வீண்.

அம்மா சொல்வதில் பாதி சரி. எம்ப்ராய்டரி பெயருக்கு மட்டும். தமிழில் என்றால் எழுத்து 12 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், இரண்டு இழை நூலில் சங்கிலித் தையல் போடலாம். மெஷின் எம்ப்ராய்டரி என்றால் அடியில் கேன்வாஸ் வைக்காமல் போடக்கூடாது, பாப்ளின் சுருக்கிக்கொள்ளும். போன் நம்பரையெல்லாம் நூலில் எழுத வேண்டாம். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் அழைப்பு வேறு யாருக்காவது போகும். கியூஆர் கோடும் அப்படித்தான். அச்சில் 3 செ.மீ. சதுரமாக, சுற்றிலும் வெள்ளை விட்டு வையுங்கள். இரண்டு போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

சாயத்தில் ஆர்வம் இருந்தால் பெயரை அச்சிடவும் வேண்டாம், நூலும் வேண்டாம், மூங்கில் பேனாவால் (கலம்) துணியில் எழுதும் கலம்காரி முறையில் எழுதலாம். கலம்காரிக்குப் பேர்போன ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் 1911க்கு முன் நம் வட ஆற்காட்டோடு இருந்ததுதானே. அரை மீட்டர் பாப்ளின் ஏறக்குறைய 60 கிராம் வரும். அதற்கு 12 கிராம் கடுக்காய்த் தூள், துணி முழுகும் அளவுக்குக் கெட்டியான எருமைப் பால். கலந்து நனைத்துப் பிழிந்து வெயிலில் காய வையுங்கள். பாலின் கொழுப்புதான் மை பரவாமல் தடுக்கிறது. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்ட கரைசலை மூங்கில் கலத்தால் தொட்டு எழுதினால், துணியிலுள்ள கடுக்காயோடு சேர்ந்து கறுக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் துணி முழுதும் சாம்பலாகிவிடும், இங்கேயும் கேன் தண்ணீர்தான். கரைசலை மிகவும் கடுமையாக்காதீர்கள். இரும்பு அதிகமானால் எழுத்து இருந்த இடத்தில் துணி இற்றுப்போகும்.

இனி முக்கியமான பகுதி, சாம்பிள் துண்டுகள். 5 செ.மீ. சதுரத்தில் நான்கு அல்லது ஐந்து. ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டி, மேல் ஓரத்தில் மட்டும் தையல் போடுங்கள். பார்ப்பவர் தூக்கிப் பின்பக்கத்தையும் தொட வேண்டும். ஃபெவிகால் வைத்தால் துணி விறைக்கும், பசை முன்பக்கம் கறையாகவும் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே நூல் நம்பர் (நூல் எவ்வளவு மெல்லியது என்று காட்டும் எண்), அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை, ஜிஎஸ்எம், நெசவு வகை, சாயம், அதில் உங்கள் பங்கு.

இந்த எண்களைக் குத்துமதிப்பாக எழுதிவிடாதீர்கள். ஜிஎஸ்எம்முக்கு 10 × 10 செ.மீ. வெட்டி, கஞ்சி போக அலசிக் காய வைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து நூறால் பெருக்குங்கள். சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. பாவு எண்ணிக்கையை அதன் நூல் நம்பரால் வகுத்து, ஊடையையும் அப்படியே வகுத்து, இரண்டையும் கூட்டி 23.25ஆல் பெருக்குங்கள். 40ஆம் நம்பர் நூலில் 72 × 64 என்றால் 79 வரும். நூல் நெளிந்து போவதற்கு ஐந்து முதல் எட்டு சதவீதம் சேர்த்தால் 83, 85. அந்தத் துணிக்கு 120 என்று எழுதியிருந்தால், எதிரே இருப்பவர் அனுபவசாலியாக இருந்தால், அந்த ஒரு எண்ணே உங்களைக் கவிழ்த்துவிடும்.

அப்பா நெய்த துண்டில் அப்படியே எழுதுங்கள்: நெய்தவர் அப்பா, வண்ணத் திட்டமும் பாவுக் கணக்கும் நான். மறைத்தால் தறியைப் பற்றிய இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். எழுதினால் அதே கேள்வி உங்களுக்குச் சாதகம். கட்டத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் எத்தனை இழை, தறி அச்சு (பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) எத்தனை நம்பர், ஒரு லுங்கிக்கு எவ்வளவு நூல் என்பதை அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப் போன இடத்துத் துணியை அவர்கள் அனுமதி இல்லாமல் ஒட்ட வேண்டாம். வெளிவராத டிசைனாக இருந்தால் வேலை கிடைப்பது இருக்கட்டும், வம்பு வரும்.

பிரதிகள்: முழு அளவில் இரண்டு போதும். பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைத்து விறைப்பாக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஏ4 ஃபைலில் நிற்கும். துணியை முன்பே சுருக்கியிருக்காவிட்டால் கேன்வாஸ் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், முதலிலேயே கொதிக்க வைக்கச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். நேர்காணலுக்கு ஒன்றை எடுத்துப்போய்த் திரும்ப வாங்கி வாருங்கள். அங்கே விட்டுவர 10 × 15 செ.மீ. அளவில் ஒரே ஒரு சாம்பிளும் பெயர், போனும் உள்ள சின்ன அட்டைகள் ஒரு இருபது செய்துகொள்ளுங்கள். கூரியரில் அனுப்புவதும் இந்தச் சின்ன அட்டையைத்தான், தாள் பயோடேட்டாவோடு சேர்த்து. மடிக்காத அளவில் உறை வாங்குங்கள்.