பதினைந்து புள்ளிக்காரருக்கு இவ்வளவு மரியாதையா?

கேள்வி: கூடைப்பந்தின் தலைசிறந்த சென்டர் (கூடைக்கு அருகே நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரர்) பில் ரஸ்ஸல்தான் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளி எடுத்தவர், ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறியில்) பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உள்ளே போட்டவர். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினைவிட இவர் எப்படி உசத்தி? 11 கோப்பை என்கிறீர்கள். அன்று அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் இருந்ததே எட்டு அணிகள். ரசிகர்களுக்கு ஓர் ஆட்டோகிராஃப்கூடப் போடாத மனிதர் வேறு. இவருக்காக, இவர் சட்டையில் அணிந்த 6ஆம் எண்ணை எல்லா அணிகளும் கைவிட வேண்டுமா?

பதில்: 15.1 புள்ளி. ஃப்ரீ த்ரோ 56 சதவீதம். நீங்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் பார்த்த பட்டியலில், ரஸ்ஸல் செய்த முக்கியமான வேலைக்குக் கட்டமே கிடையாது. பிளாக்குகளை, அதாவது எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதை, என்பிஏ எண்ண ஆரம்பித்தது 1973-74 பருவத்தில். ரஸ்ஸல் ஆடி முடித்தது 1969இல். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வந்தது அதற்கும் வெகு காலம் கழித்து, 1982-83இல். 13 பருவங்கள் எதிராளிகளின் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தவர் பெயரில், அதிகாரபூர்வமாக ஒரு பிளாக்கூட இல்லை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் நீங்கள் தீர்ப்பு சொல்கிறீர்கள்.

அவர் தட்டிய விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். இன்று பிளாக் என்றால் பந்தைக் கேலரிக்கு அடித்துவிட்டு மார்தட்டுவது. கைதட்டல் கிடைக்கும், பந்து எதிரணிக்கே திரும்பப் போகும். ரஸ்ஸலுக்கு இந்த வீரம் பிடிக்காது. அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரன் ஒருவன் எதிரே நின்று எறியும்போது அந்த இடதுகை நேராகப் பந்துக்கு முன்னால் வந்துவிடும். ஓங்கி அடிக்க மாட்டார், கோட்டுக்குள்ளேயே விழும்படி தட்டிவிடுவார், முடிந்தால் தன் ஆள் நிற்கிற பக்கமாக. அந்தப் பந்து அணித் தோழர் பாப் கூஸி கைக்குப் போனால் மூன்று நான்கு நொடியில் மறுமுனையில் லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப் போய்ப் போடும் எளிய எறி). போட்டவர் பெயரில் 2 புள்ளி, கூஸி பெயரில் ஓர் அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்). ரஸ்ஸல் பெயரில்? ஒன்றுமில்லை. எதிரணிக்கு வரவேண்டிய 2 போய், தன் அணிக்கு 2 வந்த கதை எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறவில்லை.

கல்லூரியிலேயே அவரை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1955, 1956 இரண்டு ஆண்டும் தேசியக் கோப்பையை வென்றது. கூடைக்கு அடியில் அவர் நிற்பதைக் கட்டுப்படுத்த, கல்லூரி ஆட்டத்தில் 6 அடியாக இருந்த லேனை (தாக்கும் அணிக்காரர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத, கூடைக்கு அடியிலுள்ள பகுதியை) 12 அடியாக அகலப்படுத்தினார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக்கொண்டு, பருவம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் என்பிஏ அணியான பாஸ்டன் செல்டிக்ஸில் சேர்ந்தார். கூஸி, பில் ஷார்மன் என்று புள்ளி குவிப்பவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். கோப்பைதான் இல்லை.

அந்தப் பருவத்திலேயே இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. எதிரே செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ். கூஸியும் ஷார்மனும் அன்று சேர்ந்து 40 முறை எறிந்து 5 முறைதான் உள்ளே போட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஹாக்ஸின் ஜாக் கோல்மனுக்கு நடுக்கோட்டருகே பந்து கிடைத்தது, முன்னால் ஆளே இல்லை. ரஸ்ஸல் நின்றதோ மறுமுனையில், அடிக்கோட்டுப் பக்கம். அங்கிருந்து ஓடிவந்து, கோல்மன் எறிந்த பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் இழுத்து 125-123 என்று செல்டிக்ஸ் பக்கம் சாய்ந்தது. புதுமுகமான ரஸ்ஸலுக்கு 19 புள்ளி, 32 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இந்த 19ஐத்தான் உங்கள் பட்டியல் காட்டும். கோல்மனைத் துரத்திய ஓட்டத்தைக் காட்டாது.

சேம்பர்லினுக்கு வருவோம். அவர் பிரமாதமான ஆட்டக்காரர், அதில் சண்டை இல்லை. ரஸ்ஸலுக்கு எதிராகவே சராசரி 28.7 புள்ளி எடுத்தவர். நீங்கள் சொல்லும் 100 புள்ளி 1962 மார்ச் 2ஆம் தேதி வந்தது. அந்தப் பருவம் முழுக்கவே அவர் சராசரி 50.4. சரி, அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது? ரஸ்ஸலுக்கு. அப்போது ஓட்டுப் போட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல, களத்தில் இருவரிடமும் மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர்களே. பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்ட) தொடர்களில் இருவரும் எட்டு முறை மோதினார்கள், ஏழில் ரஸ்ஸலின் அணி வென்றது. (1965இல் சேம்பர்லின் ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒப்பந்தம் போட்டார் என்று தெரிந்ததும் ரஸ்ஸல் 1,00,001 கேட்டு வாங்கினார். அந்த ஒரு டாலரில் மனிதரின் குணமே தெரிகிறது.)

எட்டு அணி வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அன்று பல ஆண்டுகள் இரண்டு தொடர் வென்றாலே கோப்பை கிடைத்தது, உண்மை. ஆனால் எட்டே அணி என்றால் மொத்தமே நூறுக்கும் குறைவான ஆட்டக்காரர்கள். சோப்ளாங்கி அணி என்று ஒன்றை அடித்துப் புள்ளியை ஏற்றிக்கொள்ள வழியில்லை. சேம்பர்லினையே ஒரு பருவத்தில் பத்துத் தடவைக்கு மேல் சந்திக்க வேண்டியிருந்தது. ரஸ்ஸல் ஓய்வு பெறும்போது அணிகள் 14 ஆகியிருந்தன, அப்போதும் கோப்பை அவரிடம்தான். ஏழாவது ஆட்டம் வரை போன தொடர்கள் அவருக்குப் பத்து. பத்திலும் வெற்றி. 1962 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 30 புள்ளியும் 40 ரீபவுண்டும் எடுத்தார். புள்ளி தேவைப்பட்ட அன்று புள்ளியும் வந்தது.

1966இல் இருந்து ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். கடைசி இரண்டு கோப்பைகள் அப்படி வந்தவை. அவர் போன மறு பருவமே 48 வெற்றி 34 தோல்வி என்றிருந்த செல்டிக்ஸ், 34 வெற்றி 48 தோல்வி என்று தலைகீழானது. அணியின் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் சாம் ஜோன்ஸும் கூடவே ஓய்வு பெற்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னாளில் சாக்ரமென்டோ அணிக்கு ரஸ்ஸல் பயிற்சியாளராகப் போய்ச் சொதப்பினார், அதையும் மறைக்கவில்லை.

அடுத்து ஆட்டோகிராஃப். 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு காட்சி ஆட்டத்துக்குப் போன இடத்தில், செல்டிக்ஸின் கறுப்பின வீரர்களுக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டை உடைத்து உள்ளே போனவர்கள், சுவரில் இனவெறி வசவுகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். கோப்பைக்கு மேல் கோப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடவில்லை என்பது உங்கள் புகார். நீங்களாக இருந்தால் போட்டிருப்பீர்களா?

1972இல் அவருடைய 6ஆம் எண்ணை செல்டிக்ஸ் கௌரவித்தபோதும் கூட்டம் வேண்டாம் என்றார், காலி அரங்கில் நடந்தது. 1975இல் கூடைப்பந்துப் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்தது. விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன் சக் கூப்பர் போன்ற கறுப்பின முன்னோடிகள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 2019இல் கூப்பரைச் சேர்த்த பிறகு, சில நண்பர்கள் மட்டும் சூழ புகழ்க்கூடத்தில் சேர்ந்ததற்கான மோதிரத்தை வாங்கிக்கொண்டார். 44 வருடம் பிடித்த பிடி!

2022 ஜூலை 31ஆம் தேதி, 88 வயதில் இறந்தார். அடுத்த மாதமே என்பிஏ எல்லா அணிகளிலும் 6ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் தொடரலாம் என்று விலக்கும் தந்தது. அப்படி அணிந்திருந்தவர்களில் ஒருவர் லெப்ரான் ஜேம்ஸ். 2023இல் அவர் தானாகவே 6ஐக் கழற்றிவிட்டு 23க்குப் போனார். உங்களுக்குப் பிடித்த புள்ளிக் கணக்கில், என்பிஏ வரலாற்றிலேயே முதலிடத்தில் இருப்பவர் அவர்.