காதல் கதையில் நண்பருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நட்பையும் காதலையும் பேசும் நாவல்களாகத் தேடி எடுத்துச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். 'குறிஞ்சி மலர்', 'மோக முள்', 'கடல்புரத்தில்' மூன்றையும் அண்மையில் முடித்தேன். வேலைக்குப் போகும் பேருந்து தினமும் திருப்பரங்குன்றத்தைக் கடந்துதான் செல்கிறது. அதனால் பூரணியின் வீட்டுக் கவலைகளைத் தெரிந்தவர் வீட்டுக் கவலைகளைப்போலவே வாசித்தேன். நூலகத்தில் எடுத்த 'குறிஞ்சி மலர்' பிரதியில் அரவிந்தன் இறக்கும் பக்கங்கள் மட்டும் விரல்பட்டு விளிம்பு கறுத்து, நூல் போட்டுத் தைக்கப்பட்டிருந்தன. எனக்கு முன் அந்த இடத்தில் பலர் அழுதிருக்க வேண்டும். எனக்கோ அங்கே கண்ணீர் வரவில்லை. 'கடல்புரத்தில்' நாவலில் பிலோமியும் ரஞ்சியும் பேசிக்கொள்ளும் இடங்களில்தான் தொண்டை அடைத்தது. காதல் கதையை வாசித்துவிட்டுக் காதலர்களை மறந்து தோழியை நினைத்துக்கொண்டிருப்பது வாசிப்பில் உள்ள குறையா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: குறையே இல்லை. நம் மொழியின் மிகப் பழைய காதல் கவிதைகள் எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தனவோ, அப்படித்தான் நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். குறுந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். காதலைப் பற்றி அங்கே பேசுகிறவர்களில் தோழிக்கு எவ்வளவு பெரிய இடம் தரப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அவள் சேதி கொண்டுபோகும் ஆளாக மட்டும் நிற்பதில்லை. இரவில் வரும் தலைவனை வழியின் ஆபத்தைச் சொல்லித் தடுக்கிறாள், காலம் கடத்தாமல் மணந்துகொள் என்று வற்புறுத்துகிறாள், பரத்தையிடம் போய்த் திரும்பியவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள், வேறு இடத்தில் மணம் பேசும் நிலை வந்தால் தலைவியின் காதலைச் செவிலியிடம் துணிந்து எடுத்துச் சொல்கிறாள். தலைவன் பக்கத்திலும் பாங்கன் எனப்படும் ஒரு தோழன் இருந்து, இப்படி உருகுவது உனக்குத் தகுமா என்று இடித்துரைக்கிறான். இருவருக்குள் நடக்கும் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்கவும், அதற்காகக் கோபப்படவும், அதன் பொருட்டுத் தானும் பழி ஏற்கவும் ஒருவர் இருக்கும்போதுதான் அந்தக் காதலின் எடை நமக்குத் தெரிகிறது. ஒரு காதல் நாவலைக் கையில் எடுத்தால் அதில் வரும் நண்பருக்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அது இல்லாத நாவல்களில் பெரும்பாலும் காதலும் வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது.

உங்களுக்குப் பூரணியின் துயரம் ஏன் எட்டவில்லை என்பதற்கும் காரணம் இதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மதுரையை நா. பார்த்தசாரதி நேசித்து எழுதியவர். மணிவண்ணன் என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் அந்த நாவல் தொடராக வந்த காலத்தில், பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. அந்த அன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தந்தையை இழந்து, தம்பிகளையும் தங்கையையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்போடு, தமிழைத் தவிர வேறு சொத்து இல்லாமல் நிற்கும் பெண்ணைக் கதையின் நடுவில் வைத்தது அன்றைக்குப் பெரிய காரியம். எனினும் பூரணியைச் சுற்றியுள்ள எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ செய்வது சரியில்லை" என்று சொல்லக்கூடிய, அவள் வயதையொத்த தோழி ஒருத்திக்குக் கதையில் பெரிய இடம் தரப்படவில்லை. அரவிந்தனும் அவளைப் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்க்கிறான். அவ்வளவு உயரத்தில் நிறுத்திவிட்ட பிறகு, அவள் தனிமையில் விடப்படும்போது நமக்கு மரியாதை பெருகுகிறதே தவிர, பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லத் தோன்றுவதில்லை.

அதே நாவலில் முருகானந்தம் வரும் பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவன் தையல்காரன், அரவிந்தனின் நண்பன், அநியாயத்தைக் கண்டால் நிதானிக்கத் தெரியாதவன். வசதியான வீட்டுப் பெண்ணான வசந்தாவிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, தன் நிலையையும் அவள் நிலையையும் எண்ணி அவன் தயங்குகிற தயக்கத்தில் உடம்பின் சூடு இருக்கிறது. ஆசிரியர் அவனைக் கோபுரத்தில் ஏற்றி வைக்காததால் அவன் தெருவில் நம்மோடு நடக்கிறான். நாவலின் உயிருள்ள காதல் அவனுடையதுதான் என்று எனக்குப் பல ஆண்டுகளாகவே ஓர் எண்ணம் உண்டு.

'கடல்புரத்தில்' நீங்கள் கலங்கியதற்கு வருகிறேன். 1977இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலில் வண்ணநிலவன் மணப்பாட்டுக் கடற்கரையையும், வல்லம் என்னும் நாட்டுப் படகை விட மனமில்லாத பிலோமியின் தந்தை குரூஸ் மிக்கேலையும், விசைப்படகுகளின் வரவால் ஊருக்குள் மூளும் பகையையும் எழுதிக்கொண்டே, நடுவில் பிலோமியின் காதலைச் சத்தமில்லாமல் வைக்கிறார். சாமிதாஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு எழுத்தாளராக இருந்தால் அந்த இடத்தில் பக்கம் பக்கமாகப் புலம்ப வைத்திருப்பார். வண்ணநிலவனோ ரஞ்சியை அவள் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். ரஞ்சிக்கும் கைகூடாத ஒரு பழைய விருப்பம் உண்டு. அதை மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, கிடைத்த குடும்பத்தை அன்போடு நடத்திக்கொண்டிருப்பவள் அவள். ஆகவே அவள் பிலோமியிடம் பேசும்போது அறிவுரை சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவள் எதிரில் இருப்பதே, இந்த வலியோடும் ஒருத்தி சமைக்கலாம், சிரிக்கலாம், பிள்ளை வளர்க்கலாம் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. காதலித்தவனை வெறுக்காமலும், தன்னை வெறுத்துக்கொள்ளாமலும் பிலோமியால் அந்தக் கதையைக் கடந்து வர முடிகிறது என்றால் அதில் ரஞ்சிக்குப் பாதிப் பங்கு உண்டு. உங்கள் தொண்டை அடைத்தது மிகச் சரியான இடத்தில்தான்.

'மோக முள்'ளைப் பற்றி நீங்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டீர்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை எண்ணிப் பாபு தவிப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். ராஜத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாபு தன் மனத்தில் உள்ளதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு அவனுக்குக் கும்பகோணத்தில் ராஜம் தேவைப்படுகிறான். தி. ஜானகிராமன் அந்த நண்பனைக் கேலியும் கூர்மையும் உள்ளவனாகப் படைத்திருக்கிறார்; அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பாபுவுக்கே தன் நிலை விளங்குகிறது. பழைய பாங்கனின் வாரிசு என்று அவனைச் சொல்வேன். அடுத்த முறை வாசிக்கும்போது ராஜத்தின் பேச்சை மட்டும் தொடர்ந்து கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: மு.வ.வின் 'அகல் விளக்கு' நாவலில் இமாவதி நட்பாகத்தான் பழகுகிறாள். சந்திரன் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு வாழ்க்கையையே அழித்துக்கொள்கிறான். ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்க முடியாது என்பதுதான் ஆசிரியரின் கருத்தா? என் வகுப்பு நண்பர்கள் அப்படித்தான் வாதிடுகிறார்கள்.
– ஒரு கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: உங்கள் நண்பர்கள் கதையின் முடிவை வைத்துக்கொண்டு ஆசிரியரின் கருத்தை முடிவு செய்கிறார்கள். 1958இல் வந்து, 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசித்தால், மு.வ. இமாவதியின் மீது ஒரு சொல்கூடக் குற்றம் சுமத்தவில்லை என்பதைக் காண்பீர்கள். அவள் படித்த பெண், ஒளிவுமறைவின்றிப் பேசுகிறாள், தன் திருமணத்தையும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறாள். பிழை சந்திரனிடம் இருக்கிறது. அழகும் அறிவும் உள்ளவன் என்று சிறுவயது முதல் ஊரே கொண்டாடிய பிள்ளை, ஒரு பெண் தன்னிடம் அன்பாகப் பேசினால் அது தன்னை விரும்புவதாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்துக் கல்லூரிச் சூழலில் எழுதப்பட்ட எச்சரிக்கை இது. ஆண்பிள்ளைகளை நோக்கிச் சொல்லப்பட்ட எச்சரிக்கை என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு மேல் அந்த நாவலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இமாவதியை நாம் கதையைச் சொல்லும் நண்பன் வேலய்யன், சந்திரன் ஆகிய இருவர் வழியாகவே பார்க்கிறோம். ஒரு நல்ல நண்பன் தன்னால் கெட்டான் என்று ஊர் பேசினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளும் ஒரு நட்பை இழந்தவள்தானே? அந்த வலிக்குப் புத்தகத்தில் போதிய இடம் தரப்படவில்லை. அதே சமயம் வேலய்யனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள நட்பைப்போல் நீண்ட காலத்துக்கு விரியும் ஆண் நட்பைத் தமிழ் நாவலில் காண்பது அரிது. ஒருவன் சறுக்கச் சறுக்க மற்றவன் கைகொடுக்கவும் முடியாமல் கைவிடவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதை, நீதி சொல்லும் இடங்களை மெல்லத் தாண்டி வாசித்தால், இன்றும் மனம் கனக்காமல் படிக்க முடியாது.

ஆண் பெண் நட்பு காதலாக மாறாமலும், பழிக்கு அஞ்சிக் குறுகாமலும் நிற்கும் இடம் ஒன்று வேண்டும் என்றால், மேலே சொன்ன 'கடல்புரத்தில்' நாவலிலேயே இருக்கிறது. தாய் இறந்த பிறகு, வயதில் மிகவும் மூத்த வாத்தியோடு பிலோமிக்கு ஏற்படும் நெருக்கத்தை உங்கள் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஊர் என்ன பெயர் வைத்தாலும், அந்த நெருக்கத்துக்கு எந்தப் பெயரையும் ஒட்டாமல் விட்டுவிட்டார் வண்ணநிலவன்.

கேள்வி: மதுரை எழுத்தாளர்கள் என்றாலே அடிதடியும் வறுமையுமாகவே எழுதுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. காதலையும் நட்பையும் அவர்கள் எழுதவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தல்லாகுளம்

பதில்: எழுதியிருக்கிறார்கள், நாம்தான் அந்தப் பெயரில் அவற்றைத் தேடுவதில்லை. சிங்கம்புணரியில் பிறந்து, பினாங்கிலும் இந்தோனேசியாவிலும் வாழ்ந்து திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றிக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையிலேயே பல ஆண்டுகள் தனியாக வாழ்ந்த ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 'புயலிலே ஒரு தோணி'யின் புகழ் நிழலில் அது மறைந்துபோனது எனக்கு நீண்ட நாள் வருத்தம். இரண்டாம் உலகப் போர்க்காலம். இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி ஏந்திவிட்டு, மறுபடி பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடைக்குத் திரும்பி வரும் செல்லையா. முதலாளியின் மகள் மரகதம். ஒருகாலத்தில் மருமகனாக வரித்து வைத்திருந்த பையன், போர்முனைக்குப் போய் வந்தபின் பெட்டியடியில் உட்கார்ந்து செய்யும் கடை வேலைக்கு அடங்கமாட்டான் என்று வயிரமுத்துப் பிள்ளை கருதுகிறார். அவர் கொடியவர் இல்லை. அவருடைய பயமும் நமக்குப் புரிகிறது. அதனால்தான் செல்லையாவின் தோல்வி அவ்வளவு வலிக்கிறது. அங்கேயும் ஒரு நண்பன் வருகிறான், மாணிக்கம். பழந்தமிழ்ப் பாட்டும் வேடிக்கைப் பேச்சுமாக இருக்கும் அந்த மனிதன், நண்பனின் நெஞ்சு உடையும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருக்கிறான். அந்தப் பேச்சில் பொய்யான நம்பிக்கை எதுவும் இருக்காது. போகட்டும், வேறு பெண் கிடைப்பாள் என்று தோளைத் தட்டும் நண்பர்களையே திரைப்படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு மாணிக்கம் ஒரு புதிய அனுபவமாக இருப்பான்.

ஜி. நாகராஜனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1974இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' ஒரு மனிதனின் ஒரே நாளைச் சொல்வது. கந்தனுடைய தொழிலும் பழக்கங்களும் பலருக்கு முகச்சுளிப்பைத் தரும். ஆயினும் தனக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் தன்னோடு வாழும் மீனா என்ன ஆவாள் என்ற கவலை அவனை விடுவதில்லை. அவளுக்கு ஒரு பிழைப்பை அமைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன் அலைவதை அன்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சுத்தமான சொற்களில் காதலைப் பேசிவிட்டு, கஷ்டம் வரும்போது விலகிப்போகும் எத்தனையோ நாவல் நாயகர்களைவிடக் கந்தனிடம் பொறுப்பு இருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் காதல் கதைகளாகவே கேட்கிறாள். தடுக்கவும் மனமில்லை, எதைக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: தடுக்காதீர்கள். 'கடல்புரத்தில்' முதலில் கொடுங்கள். அளவில் சிறியது, மொழி எளியது, கடற்கரைப் பேச்சு இரண்டு பக்கங்களில் பழகிவிடும். அதன்பின் 'குறிஞ்சி மலர்'. 'மோக முள்'ளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்கலாம். அவளாகவே எடுத்தால் பறிக்க வேண்டாம். நாகராஜனை அவள் கல்லூரி முடித்தபின் தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். உசிலம்பட்டிக் கிளை நூலகத்தில் இவை கைக்குக் கிடைக்காவிட்டால், மதுரைக்கு வரும்போது சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ, 2023இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். அவளுடைய தோழி ஒருத்தியையும் உடன் அழைத்து வாருங்கள். இருவரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி வாசிக்கட்டும். நீங்களும் வாசியுங்கள், ஆனால் அவர்கள் பேசி முடிக்கும்வரை உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டாம்.